அவளுக்கு இது போதும்

பிரபு,

அப்பா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க முடியாது. போன ஞாயிற்றுக்கிழமைதான் நீயும் திவ்யாவும் வந்து வஞ்சிர வறுவலைத் துண்டு மிச்சமில்லாமல் தீர்த்துவிட்டுப் போனீர்கள். நலத்துக்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும். மந்தைவெளிக்கும் ஆதம்பாக்கத்துக்கும் நடுவே அப்படி என்ன தூரம், இதற்கு ஒரு கடிதமா என்று நினைப்பாய். தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போட்டுக் குட் மார்னிங் அனுப்புகிற அப்பன் திடீரென்று பேனாவைத் தூக்கினால், உயில் எழுதுகிறானோ என்றுகூட உனக்குத் தோன்றலாம். உயில் இல்லை. இந்த விஷயத்தைப் போனில் சொல்லக்கூடாது, எழுதித்தான் ஆக வேண்டும் என்று உன் அம்மா உத்தரவு போட்டிருக்கிறாள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முழுவதையும் படித்துவிட்டுத் திவ்யாவிடமும் படிக்கக் கொடு. அவளுக்குத் தெரியக்கூடாதது எதுவும் இதில் இல்லை, தெரிய வேண்டியதுதான் நிறைய இருக்கிறது.

அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ போனைத் திருப்பி ஒரு காரின் படத்தைக் காட்டினாய். பதினான்கு வருடம் ஓடிய சின்னக் கார். திவ்யா அடையாறில் அவளுடைய பிசியோதெரபி கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாள், அதற்காக வாங்கப் போவதாகச் சொன்னாய். "எட்டு கிலோமீட்டர் தானேப்பா, அவளுக்கு இது போதும். எங்க இடிச்சாலும் வயிறு எரியாது" என்றாய். நானும் வாயில் சோற்றோடு "வாங்கு, வாங்கு" என்று தலையாட்டினேன். அப்புறம் நீ நம் வீட்டின் பழைய ஜோக்கை எடுத்துவிட்டாய். "அம்மா மாதிரி பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டரை மிதிக்காம இருந்தா சரி." நீ சிரித்தாய், நான் சிரித்தேன், உன் அம்மாவும் சிரித்துக்கொண்டே ரசம் எடுத்துவர எழுந்து போனாள். திவ்யா மட்டும் சிரிக்கவில்லை. "அத்தை கார் ஓட்டுவாங்களா? எனக்கு யாரும் சொன்னதே இல்லையே" என்று கேட்டாள். சமையலறையிலிருந்து "ஒரு காலத்துல" என்று பதில் வந்தது. ரசம் வருவதற்குள் நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

"அவளுக்கு இது போதும்" என்பது என் வசனம், பிரபு. நீ உன் அப்பனிடமிருந்து மூக்கையும் முன்வழுக்கையையும் மட்டும் எடுத்துக்கொண்டாய் என்று நினைத்திருந்தேன். இதையும் எடுத்துக்கொண்டுவிட்டாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உனக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். அம்மா திருவான்மியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தாள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஆறரை மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள், ஒரு வாய் காபி குடிக்க முடியாத கோபத்தோடு. அதற்குள் இவள் போய்ச் சேர வேண்டும். விடிந்தும் விடியாத நேரத்தில் மந்தைவெளி பஸ் நிறுத்தத்தில் நின்று நின்று ஒருநாள், நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றாள். நாற்பத்தொரு வயதில் லஸ்ஸில் இருந்த டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், கல்லூரிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். நான் என் காலத்தில் இரண்டாவது தடவையில்தான் வாங்கினேன் என்பதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. சந்தர்ப்பம் வந்தது, சொல்லிவிட்டேன்.

அதே வருடம் நான் எனக்கு ஒரு புதுக் கார் வாங்கினேன். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க மனமில்லாமல் மூன்று மாதம் அதன்மேலேயே உட்கார்ந்து ஓட்டினேன், உனக்கு நினைவிருக்கும். அவளுக்கு ஒரு பழைய வெள்ளைக் காரைப் பிடித்தேன், ஏற்கெனவே பன்னிரண்டு வருடம் ஓடியது. என் ஆபீஸ் தி. நகரில், பத்து மணிக்குப் போனால் போதும். விடிகாலையில் அடையாறு பாலம் தாண்டிப் போகிறவளுக்குப் பழையது, வெயிலேறிய பிறகு பாண்டிபஜார் பக்கம் நகர்ந்து போகிறவனுக்குப் புதியது. இந்தக் கணக்கில் ஏதோ கோணல் இருக்கிறதென்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. யாராவது கேட்டால் "கத்துக்குட்டிதானே, அவளுக்கு இது போதும்" என்பேன். ஒருமுறை அவளே கேட்டாள், ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கிற பீச் ரோட்டில் உங்கள் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டுமா என்று. "அது பெரிய வண்டி, உனக்கு அடங்காது" என்றேன். மாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினேன்.

அந்தப் பழைய காரைப் பற்றி நாம் எவ்வளவு சிரித்திருக்கிறோம். இடது பக்கக் கதவை உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். கண்ணாடி இறக்கும் கைப்பிடி ஒன்றுதான் இருந்தது; அதைக் கழற்றி எந்தக் கதவுக்கு வேண்டுமோ அதில் மாட்டித் திருக வேண்டும். மழை பெய்தால் காலடியில் தண்ணீர் நிற்கும், அம்மா செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவாள். ஆனால் அவள் அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆறரை மணிக்கு முன்னால், திருவான்மியூர் போகிற எல்.பி. ரோட்டில் அவள் யார் தயவும் இல்லாமல் போனாள். சாயங்காலம் வரும்போது வழியில் காய்கறி வாங்கி வந்தாள், தோழிகளை வீட்டில் இறக்கிவிட்டு வந்தாள், ஒருநாள், தன்னோடு வேலை செய்த பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தபோது அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். வாரத்தில் ஆறு நாள் உழைத்தது அந்த வண்டிதான். என் புது வண்டி உழைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் எனக்கு அதைப் பார்த்தால் கூச்சம். நம் பிளாட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பார்க்கிங், அதில் என் கார். அவளுடையது தெருவில் மரத்தடியில், காக்கை எச்சத்தோடு. ஆபீஸிலிருந்து ஒருவர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது, "உங்க வாசல்ல ஏதோ பழைய வண்டி கெடக்குதே சார், கார்ப்பரேஷன்ல சொன்னா எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார். "சொல்லணும்" என்றேன். அம்மா அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து, கார் சாவியைக்கூட வைக்காமல், அதே கையில் அவருக்குக் காபி கொண்டுவந்து நின்றாள். ஆயுத பூஜைக்கு என் காருக்கு மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்தோம். "அதுக்கும் நாலு பழம் வைக்கலாமே" என்று கேட்டாள். "தெருவுல கெடக்குற வண்டிக்கு என்னத்துக்கு" என்றேன். அவள் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தனியாகத் தெருவுக்குப் போனாள். அவளுடைய லீவு நாளில் நீ அந்த வண்டியில் பள்ளிக்கூடம் போனால் வாசலில் இறங்க மாட்டாய், தெருமுனையிலேயே இறக்கிவிடச் சொல்வாய். நான் உன்னைத் திட்டவில்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

இனிமேல்தான் நான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துத் தள்ளிப்போட்ட இடம்.

நீ ப்ளஸ் டூ படித்த வருடம். இரண்டு கார்களையும் பார்த்துக்கொண்டது நம் பின் தெருவில் பட்டறை வைத்திருந்த நசீர் பாய். சர்வீஸுக்கு எடுத்துப் போனது நான்தான். பட்டறைக்கெல்லாம் பெண்கள் எதற்கு என்று அதையும் என் கையில் வைத்திருந்தேன். பாய் அம்மாவின் காரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, முன் சக்கரத்துக்குமேல் எதையோ விரலால் தொட்டுக் காட்டினார். விரலில் ஈரம். "இன்னா சார், பிரேக் ஆயில் கசிஞ்சிகினு கீது. மாஸ்டர் சிலிண்டரே போச்சு, பிரேக்குக்கு அதான் உசுரு. சாமான் புதுப்பேட்டையில பாத்து வாங்கினு வரணும். ரெண்டு நாள் வண்டிய உட்டுட்டுப் போ." இரண்டு நாள் முடியாது, வீட்டில் அவள் வேலைக்குப் போக வேண்டும் என்றேன். "அப்ப இப்போதிக்கு ஆயில் ஊத்தித் தரேன். ஒரு வாரம் தாங்கும், அதுக்கு மேல ஓட்ட உடாத சார். வீட்டுல அந்தம்மா கைல சொல்லிடு." சரி பாய் என்றேன். வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினேன். "பாய் என்ன சொன்னார்?" என்று அம்மா கேட்டாள். "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். பணம் இல்லாமல் இல்லை. மறதியும் இல்லை, மறதி என்று எனக்கே பல வருடம் சொல்லிக்கொண்டேன், அது பொய். அந்த வண்டி இரண்டு நாள் பட்டறையில் நின்றால், ஒன்று நான் ஐந்தரை மணிக்கு எழுந்து இவளைக் கொண்டுபோய்த் திருவான்மியூரில் விட வேண்டும், இல்லை என் சாவியை இவள் கையில் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எழுதுவதற்குக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருந்தேன். அந்த வாரம் போய் அடுத்த வாரமும் பாதி ஆனது.

பதினோராவது நாள் காலையில் நான் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது போன் வந்தது. எல்.பி. ரோட்டில் சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் அம்மாவுக்கு பிரேக் பிடிக்கவில்லை. வண்டி பிளாட்பாரத்தில் ஏறி, மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் காலில் மோதிவிட்டது. பாதி முகம் சோப்போடு என் புதுக் காரில் பறந்து போனேன். நான் போய்ச் சேருவதற்குள் அந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். ரோட்டில் மீன்கள் சிதறிக் கிடந்தன. உன் அம்மா கையில் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "பிரேக் பிடிக்கலைங்க. மிதிச்சேன், பிடிக்கலைங்க" என்றாள். சுற்றி முப்பது பேர். எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். நசீர் பாயின் ஈர விரல் எனக்கு ஒரு கணம் ஞாபகம் வந்தது. அப்போது என் வாய் சொன்னது இது: "புதுசா ஓட்டறவங்க சார். பதட்டத்துல பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டாங்க."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை, பிரபு. அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். கூட்டத்தில் ஒருவர், "லேடீஸ் ஓட்டுனா அப்டித்தான் சார்" என்றார். இன்னொருவர் என்னைப் பார்த்துப் பாவம் என்பதுபோல் தலையை ஆட்டினார். நான் குற்றவாளி, எனக்கு அனுதாபம் கிடைத்தது. அம்மா மறுபடியும் "இல்லைங்க, பிரேக்கைத்தான்..." என்று ஆரம்பித்தாள். "நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் சும்மா இருந்தாள். அன்றைக்கு இருந்தவள்தான்.

மீன்காரம்மாவின் பெயர் அந்தோணியம்மா. கணுக்காலில் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. போலீஸ் வரை போகவில்லை, ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் நான்தான் பார்த்தேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது, வெட்கக்கேடு. முதல் நாள் சாயங்காலம் நானும் அம்மாவும் பார்க்கப் போனோம். அம்மா அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் கூப்பி, "நான்தாம்மா மாத்தி மிதிச்சுட்டேன். என் தப்புதான், மன்னிச்சுடுங்க" என்று அழுதாள். பகலுக்குள் என் பொய் அவள் வாய்க்கு வந்து சேர்ந்திருந்தது. அந்தோணியம்மா, "இன்னாத்துக்கு அழுவுற? நீ இன்னா வேணும்னா வந்து இட்ச்ச? கால்தான போச்சு, உசுரு கீதுல்ல, வுடு" என்றார். நான் கால்மாட்டில் ஒரு ஆரஞ்சுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பழம் எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன்.

வண்டியைப் பட்டறைக்கு இழுத்துவந்த பிறகு நசீர் பாயிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. "வீட்டம்மா கைல சொன்னியா சார்?" என்று மட்டும் கேட்டார். வண்டியை எப்படியாவது தள்ளிவிடுங்கள், இந்தப் பேச்சு வெளியே வேண்டாம் என்றேன். பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "வண்டிய வித்துத் தரேன். பெரிய வண்டிக்கு நீ வேற ஆளு பாத்துக்க சார்" என்றார். புது மெக்கானிக்கிடம் நான் ஏன் மாறினேன் என்று நீ அப்போது கேட்டாய். பாய் காசு அதிகம் கேட்கிறார் என்று சொன்னேன். அந்த நல்ல மனிதர்மேலும் சேற்றை வாரி அடித்தேன்.

அம்மா அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மறுபடி விடிகாலைப் பஸ், ஷேர் ஆட்டோ. முழங்கால் வலி வந்ததும் இரண்டு வருடத்தில் வேலையை விட்டாள். "அவளே வேணாம்னுட்டா" என்று உறவுக்காரர்களிடம் சொன்னேன். ஆக்சிலேட்டர் கதையை முதலில் ஜோக்காகச் சொன்னதும் நான்தான், உன் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டால் மறைக்கலாம். நீ அதை என்னிடமிருந்து கற்றுக்கொண்டு பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். உன்மேல் குற்றமில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் நம்மோடு சிரித்தாள், அதைத்தான் என்னால் இப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கிளம்பிப் போன பிறகு, அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று சொல்லிவிட்டேன். எதிரே நின்று சொல்லத் தைரியமில்லை. பாய் சொன்னது, நான் மறைத்தது, ஏன் மறைத்தேன் என்பது, எல்லாவற்றையும். அவள் குழாயை மூடினாள். கையைத் துடைக்கவில்லை, தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. "அந்தோணியம்மாகிட்ட நான் கையெடுத்துக் கும்பிட்டேனே, நீங்க அங்கதானே நின்னீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் மறுபடி குழாயைத் திறந்து மீதிப் பாத்திரத்தைக் கழுவினாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சாப்பாடு வைத்தாள், பேச்சு இல்லை. அவள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். புதன்கிழமை காலையில் காபியை வைத்துவிட்டு, "பிரபுகிட்ட நீங்களே சொல்லணும். போன்ல வேணாம். போன்ல சொன்னா நடுவுல ஒரு ஜோக்கைச் சொருகி மழுப்பிடுவீங்க. எழுதுங்க. எழுதி எங்கிட்ட காட்டிட்டு அனுப்புங்க. அதுக்கு முன்னாடி திருவான்மியூர் போயிட்டு வாங்க" என்றாள். முப்பது வருடத்தில் அவள் எனக்கு இட்ட முதல் கட்டளை இதுதான் என்று நினைக்கிறேன்.

போனேன். மந்தைவெளியிலிருந்து அடையாறு வரை மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட பள்ளங்களைச் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது; இன்னும் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கக் கூடாதா என்று இருந்தது. அந்தோணியம்மா அதே எல்.பி. ரோட்டில்தான் இருக்கிறார். முன்பு தரையில் உட்கார்ந்து விற்றார், இப்போது காலை மடக்க முடியாது என்பதால் பிளாஸ்டிக் ஸ்டூல். எழுந்து நடந்தால் ஒரு பக்கம் சாய்வார். ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்ட வஞ்சிரம் அவரிடம் வாங்கியது. பதினோரு வருடமாக அம்மா வேறு யாரிடமும் மீன் வாங்குவதில்லை, நான் காரை விட்டு இறங்குவதில்லை. இந்தத் தடவை இறங்கிப் போய்ச் சொன்னேன். அவர் சங்கரா மீனின் செதிலைச் சீவிக்கொண்டே கேட்டார், கத்தி நிற்கவில்லை. முடித்ததும் நிமிர்ந்து, "வாரா வாரம் எங்கைல வந்து, கால் எப்டிக்கீது, கால் எப்டிக்கீதுன்னு அந்தம்மா உருகுமே. நீ கார்ல உக்காந்துகினு பாத்துகினு இருந்தியா?" என்றார். ஆமாம் என்றேன். ஏதாவது செய்ய வேண்டும் என்றால் சொல்லுங்கள் என்று சட்டைப்பைப் பக்கம் கை போனது. "கைய எட்றா" என்றார், என்னைவிட வயதில் பெரியவர்தான். "உனக்கு இன்னிக்கு மீன் கெடையாது. அந்தம்மாவ வரச்சொல்லு." நான் வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

இனி உன் விஷயம். பழைய கார் வாங்காதே என்று நான் சொல்ல வரவில்லை. வேலைக்குப் போய்வர ஒரு பழைய இரண்டாவது கார் நல்ல ஏற்பாடு, அதில் புத்தி இருக்கிறது. நெரிசலில் கீறல் விழுந்தால் கவலையில்லை, சந்தில் நிறுத்தலாம். ஆனால் பழைய வண்டிக்குப் பெயின்ட் இரண்டாம் பட்சம், ஏசி இரண்டாம் பட்சம். முதலில் பிரேக், டயர், ஸ்டியரிங். மெக்கானிக் இரண்டு நாள் விடு என்றால் மூன்று நாள் விடு. மெக்கானிக்கின் போன் நம்பர் வண்டியை ஓட்டுகிறவரிடம் இருக்கட்டும், அவர் சொல்வது நேராக அவள் காதில் விழட்டும், உன் வழியாகப் போக வேண்டாம். இன்னொன்று, பழையது நல்ல ஏற்பாடு என்று உண்மையாகவே நீ நம்பினால் அதை நீ ஓட்டு. தரமணிக்கு நீ போகிற தூரமும் கிட்டத்தட்ட அதே எட்டு கிலோமீட்டர்தான், பார்த்தேன். நீ இப்போது ஓட்டுகிற புதுக் காரைத் திவ்யா எடுத்துக்கொள்ளட்டும். மாற்றி மாற்றி ஓட்டினாலும் சரி, இரண்டு பேரும் பேசி முடிவெடுங்கள். வாங்குவதற்கு முன்னால் அவளைக் கேட்டாயா என்று அன்றைக்கு நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். படத்தை நீ எங்களிடம் காட்டியபோது அவளும் எட்டிப் பார்த்தாள், அவளும் அதை அப்போதுதான் முதலில் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாங்கு வாங்கு என்றேன்.

என்னை மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்பதில் அர்த்தமில்லை, மன்னிக்க வேண்டியவள் நீ இல்லை. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த ஜோக்கை இனி சொல்லாதே. வேறு யாராவது சொன்னால், நடந்தது அதுவல்ல என்று என் பெயரைச் சொல்லியே சொல். உன் சித்தப்பாவுக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

இதுவரை எழுதி நேற்று அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். சில பக்கங்களை இரண்டு தடவை படித்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு இடம் மட்டும் போதாது என்றாள். "பிரேக் பிடிக்கவில்லைன்னு ஒரே வரியில எழுதிட்டுப் போயிருக்கீங்க. அங்க என்ன நடந்துச்சுன்னு நீங்க கேட்டதே இல்லையே." நான் பேனாவை எடுத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மூணு தடவை மிதிச்சேன். மூணாவது தடவை பெடல் தரையில போய் முட்டுச்சு. எதுக்க, சிக்னல்ல, சைக்கிள்ல ரெண்டு பொண்ணுங்க நின்னுச்சுங்க, டியூஷன் போற பிள்ளைங்க, பின்னாடி வண்டி வர்றது அதுங்களுக்குத் தெரியாது. ஹாரன் அடிக்க நேரமில்ல. பிளாட்பாரத்துல யாரும் இல்லாத மாதிரி இருந்துச்சு. லைட் கம்பத்துக்குப் பின்னாடி அந்தோணியம்மா உட்கார்ந்திருந்தது தெரியல. ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் ஒடிச்சேன். மூணு தடவை மிதிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எதை மிதிச்சேன்கிறதுலதான் நீங்க சொன்னதை நம்பிட்டேன்."

அப்பா